ஓட்டுக்கு விடாத தூக்கம்

வளைகுடாவில், குதைபியா என்ற பகுதியில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் ஆறு பேர், சின்ன ரூமில் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவன் நான். இன்னொருவர் பேக்கரியில் நைட் டியூட்டி பார்க்கும் பட்டுக்கோட்டை அண்ணன். நாங்கள் எழுந்திருக்கும்போதுதான் அவர் படுப்பார்.

மெஸ்ஸில் என்ன குழம்பு, யார் முதலில் குளிப்பது, எல்லாமே கை தூக்கித்தான் முடிவாகும். ஒரு வியாழக்கிழமை ஹால்காரர்கள் டிவிக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கி வந்தார்கள். லீவு நாளான வெள்ளிக்கிழமை பகலில் கிரிக்கெட், ஃபுல் சத்தம். ஆறு கைகள் உயர்ந்தன.

"அப்ப என் தூக்கம் கலாஸ், முடிஞ்சுது. நான் சித்ரா லேபர் கேம்ப்புக்கே போயிடுறேன்" என்று பட்டுக்கோட்டை அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.

எனக்குப் பகீரென்றது. அந்த ஃப்ளாட்டில் நான் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவர். ஆனால் உள்ளுக்குள் ஒரு துள்ளலும் இருந்தது, மறைப்பானேன்! அந்த வாரம் முழுக்கக் கீழே இருந்த நெட் கஃபேயில் அமெரிக்க அரசியல் சட்டம் உருவான கதையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கொளுத்தும் கோடையில், பேச்சு வெளியே போகக் கூடாதென்று ஜன்னலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆள் அதிகமுள்ள மாநிலத்துக்கு அதிக ஓட்டா, எல்லா மாநிலத்துக்கும் ஒரே ஓட்டா? கடைசியில் இரண்டு சபை: ஒன்றில் தலைக்கணக்கு, மற்றதில் எல்லோரும் சமம்.

"அதே மாதிரி செய்வோம்! தலைக்கு ஒரு ஓட்டு, அப்புறம் ரூமுக்கு ஒரு ஓட்டு. ரெண்டுலயும் ஜெயிச்சாத்தான் செல்லும்" என்றேன்.

ஹாலுக்கு மூத்தவரான திருநெல்வேலி அண்ணாச்சி சிரித்தார். "ஹாலுக்கு ஒண்ணு, ரூமுக்கு ஒண்ணு, சரிக்குச் சரி. பொறவு எதுல முடிவாவும்? கிச்சனுக்கும் ஒரு ஓட்டு குடுல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. அந்தச் சட்டத்தை எழுதி முடித்த பிறகும் பலர் ஏற்க மறுத்தார்கள். எத்தனை பேர் கை தூக்கினாலும் தொடக் கூடாத உரிமைகள் எங்கே என்று கேட்டார்கள். "பகல்ல தூங்குறவர் தூக்கத்தை ஓட்டுக்கு விடக் கூடாதுன்னு எழுதுவோம், அண்ணாச்சி."

சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்யும் சேலத்துப் பையன் எழுந்தான். "அதென்னங்க, தூக்கத்தை மட்டும் எழுதினா? நான் காலையில சாமிக்கு விளக்கேத்தறேன். அது எழுத்துல இல்லைன்னு நாளைக்கு அணைச்சுப்புடுவீங்களா?"

நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். "டேய்! இதையேதான் அங்கயும் கேட்டாங்கடா! சிலதை எழுதினா மிச்சமெல்லாம் இல்லைன்னு ஆயிடாதான்னு!"

"அதுக்கு என்ன பண்ணுனாங்க?"

"எழுதாததாலேயே ஒரு உரிமை இல்லைன்னு ஆயிடாது. அதையும் சேர்த்தே எழுதிட்டாங்க."

அண்ணாச்சி பெட்டியையும் அதன் மேல் இருந்த பட்டுக்கோட்டை அண்ணன் கையையும் பார்த்தார். நாளைக்கே தானும் நைட் டியூட்டிக்கு மாறினால்? அதை நான் சொல்லவில்லை. அது அவர் முகத்திலேயே ஓடியது. "சரி, எழுதுல. பெட்டிய உள்ள தள்ளும்வே."

மறுநாள் ஸ்பீக்கர் வயரை அண்ணாச்சியே பிடுங்கினார். ஏழு பேரும் ஊமைப் படம்போல் மேட்ச் பார்த்தோம். விக்கெட் விழுந்தபோது எல்லோரும் குதித்தோம், தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு. அந்த அமைதியில் சின்ன ரூமிலிருந்து குறட்டை கிளம்பியது. லாரி மேடு ஏறுவதுபோல.

"இத அடக்க உன் சட்டத்துல வழியிருக்கால?" என்று அண்ணாச்சி கிசுகிசுத்தார்.

"திருத்தம் கொண்டு வரலாம் அண்ணாச்சி! அதுக்கும் அவங்க..."

"சத்தம் போடாதல. ஆளு தூங்குதான்."