பத்துக்கு எம்புட்டு வலி

அன்றைக்கு அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். பெரிய டாக்டர், ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிற தம்பி, லேபிலிருந்து வந்த ஒரு பொண்ணு, என் வீட்டுக்காரர், நான். வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் பழியை அவர் மேல் போட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் வில்லாபுரத்தில் புரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்றே பிழைத்தவர். சர்க்கரையில் நரம்பு கெட்டு இரண்டு பாதமும் எரிகிறது. போர்வை நுனி பட்டாலே துள்ளுவார். மாத்திரை வாங்கி மாளவில்லை, வலியும் குறையவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் கவலைப்படுவதுதான்.

தல்லாகுளம் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கிற அந்தப் பெரிய டாக்டர்தான் அந்த ஆராய்ச்சியைச் சொன்னார். சேர்த்துக்கொண்டால் புது மருந்து இலவசம். முந்தின தடவையே கணுக்காலுக்கு மேல் மிளகளவு தோலை எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். வலியைக் கேட்டுப் பதிய வேண்டியதுதான் மிச்சம். வலி கூடுதலாக உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். "உள்ளதைச் சொல்லுங்க, போதும்" என்றேன் அவரிடம்.

லேப் பொண்ணு கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது நல்ல தோலு, அக்கா. நாத்து மாதிரி நிக்குது பாருங்க, அம்புட்டும் நரம்பு. இது அண்ணனோடது."

அங்கொன்றும் இங்கொன்றுமாக நூல் போல நின்றது. மீதி வெறும் தரிசு.

"நரம்பே இல்லாத எடத்துல எப்படிம்மா வலிக்கும்?"

"அதைத்தான்க்கா நாங்களும் தேடுறோம். தோலைப் பாத்தா நரம்பு தெரியும், வலி தெரியாது. வலி அண்ணன் வாயிலயிருந்துதான் வரணும். ரெண்டையும் சேத்து வச்சாத்தான் எந்த மருந்து யாருக்குக் கேக்கும்னு புரியும்."

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "வலியே இல்லைன்னா சைபர். தாங்கவே முடியலைன்னா பத்து. இந்த வாரம் எம்புட்டுய்யா இருந்துச்சு?"

இவர் பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்தார்.

"தேவலை சார். ஒரு ரெண்டு இருக்கும். நீங்க குடுத்த மருந்து அப்படி."

"சார், பொய் சார். காலையில துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு" என்றேன்.

"நோயாளி சொல்றதைத்தான்க்கா பதியணும். நீங்க சொல்லி மாத்துனா அந்தத் தோலை வச்சுப் பாக்குறதும் பொய்யாப் போயிரும்" என்றான் தம்பி.

டாக்டர் மறுபடியும் கேட்டார். "அவ அப்படித்தான் சார். மேகத்தைப் பார்த்தாலே கொடித்துணியை அள்ளிருவா" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. எதற்கும் பயப்படுகிறவள், நிஜமாகவே பயப்பட வேண்டிய நாளில் வாயிருந்தும் ஊமை.

நாலுக்குக் கீழே சொன்னவர்களைச் சேர்க்க முடியாதாம். "நல்லதுதானம்மா, மருந்து கேக்குதுல்ல. அதையே போடட்டும்" என்றார் டாக்டர். லேப் பொண்ணு மட்டும் படத்தைப் பார்த்தாள், இவர் காலைப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"கைராசிக்காரருடி. சாகக் கெடந்த எங்கப்பாவ எழுப்பி உக்கார வச்ச கை. உங்க மருந்து கேக்கலைன்னு மொகத்துக்கு நேரா சொன்னா ராசி வெலகிப் போயிரும். அப்புறம் அவரு எதைக் குடுத்தாலும் நமக்குக் கேக்காது."

"இப்ப மட்டும் கேக்குதாக்கும்?"

கால் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.

"எங்கிட்டயாவது சொல்லுங்க. இப்ப எம்புட்டு?"

"எட்டு" என்றவர், செருப்பில் காலை நுழைத்துப் பார்த்து, "ஒம்பதுன்னு வச்சுக்க" என்றார்.

கையைப் பிடித்து இழுத்தேன், திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று. வரவில்லை. நான் மட்டும் ஓடினேன். "அவருதான்க்கா சொல்லணும். இருந்த ஒரு எடத்துக்கும் அடுத்த ஆளை எடுத்தாச்சு" என்றான் தம்பி.

வில்லாபுரத்தில் இறங்கி, கேட்காத அதே மாத்திரையை வாங்கப் போனேன். மெடிக்கல் ஷாப் அண்ணன் அரை அட்டையைக் கத்தரித்து நீட்டினார். "பழைய பாக்கியைக் கட்டிட்டு மிச்சத்தை வாங்கிக்கங்கம்மா" என்றார். அந்த அரை அட்டையும் சேர்த்து இன்றுவரை அவருக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து நானூறு ரூபாய்.