ஐந்தருவிப் படியில் ஒரு நோட்டீஸ்

பழம்புலவர்கள் அன்னத்தையும் முகிலையும் தூது விட்டார்கள். தென்காசியில் உள்ள நில அளவை அலுவலகம் பேராச்சியைத் தூது விடுகிறது. அன்னம் சொன்ன சேதிக்கு உருகியவர்கள் உண்டு. பேராச்சி கொண்டுவரும் சேதிக்கு உருகியவர் எவரும் இல்லை. ‘உங்கள் பக்கத்து நிலத்தை இன்ன நாளில் அளக்கப்போகிறோம், நீங்களும் வந்து நில்லுங்கள்’ என்பதே அதன் சாரம். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் இட வேண்டும். அந்த ஒரு கையொப்பத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்களையும், வைக்கோற்போருக்குள் புகுந்தவர்களையும், தாம் இறந்துவிட்டதாகத் தாமே தொலைபேசியில் தெரிவித்த ஒருவரையும் தம் இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் பேராச்சி கண்டிருக்கிறார்.

கணவர் அதே அலுவலகத்தில் அளவுச் சங்கிலி பிடித்தவர். அவர் மறைந்தபின் வந்த வேலை இது. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆயினும், யார் எப்போது குளிப்பார், எந்தக் கடையில் தேநீர் அருந்துவார் என்பதெல்லாம் அவர் நெஞ்சில் பதிந்துகிடக்கும். மூடிய கதவை அவர் தட்டுவதில்லை. பால்காரர் வரும் வேளையில் எந்தக் கதவும் திறந்தே தீரும்; பால்காரருக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

அத்தகையவருக்கும் பிடிகொடாத ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கோமதிசங்கர்.

குற்றாலம் போகும் சாலையில் அவருடைய தோப்பை ஒட்டிச் சேக் மைதீனின் வீடு. சேக் மைதீன் சவுதியில், தமாமில் வேலை பார்ப்பவர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். மனைவி அலிமாவும் இரண்டு பெண்மக்களும் இருக்கும் அவ்வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவே நின்றது ஓர் ஓலைவேலி. மழைக்காலத்தில் காட்டுப்பன்றிகள் அதைப் பிரித்துக்கொண்டு கொல்லைவரை வந்துவிடும். மதில் கட்டக் கொத்தனார் நூல் பிடிக்கும்போதெல்லாம் கோமதிசங்கர் குடையுடன் தோன்றுவார்.

“அளந்துட்டுக் கட்டுங்க தம்பி. நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா?”

அளக்க விண்ணப்பித்தால் ஆளைக் காணோம். ஒருமுறை காசிக்குப் போயிருந்தார். மறுமுறை செங்கோட்டைக்குப் போயிருப்பதாக அவர் மனைவி வாசலில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, “ஏட்டி, துண்டு எங்க?” என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. சென்ற விடுப்பில் நோட்டீஸைக் கதவில் ஒட்டினார்கள். குற்றாலச் சாரல் பசையைக் கரைக்க, காகிதம் சாக்கடை சேர்ந்தது. தமக்குச் சேதியே வரவில்லை என்று கோமதிசங்கர் மூன்று பக்கத்துக்கு மனு எழுதி அந்த அளவையையே செல்லாததாக்கினார். இப்படி ஆறு விடுப்புகள் கழிந்தன.

ஏழாவது விடுப்பும் முடியும் தறுவாயில் நின்றது. வியாழக்கிழமை அளவை, சனிக்கிழமை சேக் மைதீனுக்கு விமானம். மூன்று நாள் முன்னதாக நோட்டீஸ் சேர வேண்டும். எனவே திங்கட்கிழமையே கடைசி நாள்.

நில அளவர் வித்யாலட்சுமி தெளிவாகச் சொல்லிவிட்டார். “இந்தத் தடவை ஒட்டுத வேலையெல்லாம் வேண்டாம் அக்கா. அவர் கையெழுத்து இருந்தாத்தான் நான் மிஷினைத் தூக்குவேன்.”

வாசலில் நின்ற சேக் மைதீன், “அக்கா, இத விட்டா இன்னும் ரெண்டு வருசம். புள்ளைக கொல்லைக்குப் போகவே பயப்படுது” என்றார்.

“நீங்க கொத்தனாருக்குச் சொல்லி வைங்க தம்பி” என்று சொல்லிப் பேராச்சி பையைத் தோளில் மாட்டினார்.

அன்றுதான் அந்தத் திங்கட்கிழமை. ஆனி மாதச் சாரல் நாள். இப்பருவத்தில் கோமதிசங்கர் எங்கிருப்பார் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் கேட்டதும் விடை கிடைத்தது. “சாரா? இப்பத்தான் கால்படி எண்ணெயோட உள்ள போறாவ.”

ஆண்கள் குளிக்கும் பக்கம் பேராச்சி போக இயலாது. போகவும் தேவையில்லை, வெளியே வர ஒரே படிக்கட்டு. அதன் அடியில் குடைபிடித்து நின்றார்.

ஈசன் சடையில் கங்கை இறங்கியதுபோல் கோமதிசங்கர் தலையில் அருவி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படிப்பக்கம் பார்த்தார். குடையைக் கண்டார். குடைக்கீழ் முகத்தையும் கண்டார். மீண்டும் அருவிக்குள் புகுந்துகொண்டார்.

கால் மணி கழிந்தது. அரை மணியும் கழிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள்.

“பெரியவரே, வெளிய வாரும்வே! அருவியைப் பட்டா போட்டாச்சா?”

“தலைவலி தம்பி. வைத்தியர் ஒரு மணி நேரம் நிக்கச் சொல்லியிருக்காரு” என்று பற்கள் தந்தியடிக்கப் பதில் வந்தது.

அப்போது மலையில் பெருமழை போலும். நீர் செந்நிறமாயிற்று. காவலர் விசில் ஊதி, “தண்ணி கூடுது! எல்லாரும் வெளிய வாங்க! ஏய் பெரியவரே, உமக்குத் தனியாச் சொல்லணுமா?” என்று கோமதிசங்கரின் கையைப் பற்றி இழுத்துவந்து, பேராச்சிக்கு இரண்டடி முன்னால் விட்டுவிட்டுப் போனார்.

“வணக்கம் சார். நோட்டீஸ்.”

“கை ஈரமா இருக்கேம்மா. அரசாங்கக் காகிதம்லா, நனையப்படாது.”

பேராச்சி பையிலிருந்து உலர்ந்த துண்டொன்றை எடுத்துக் கொடுத்தார்.

“கண்ணாடி இல்ல. வாசிக்காம எப்படிப் போட?”

“நான் வாசிக்கேன்” என்று அவர் தொடங்க, ஈரத் துண்டோடு நின்ற கூட்டம் காது கொடுத்தது. வாசித்து முடிந்தது.

“கை நடுங்குது. கையெழுத்து வராது” என்றார் கோமதிசங்கர். அது மெய்யே, உடம்பு முழுதும் நடுங்கிற்று.

“அது பரவாயில்ல சார். போடத் தெரியாதவங்களுக்கு நாங்க ரேகைதான் வாங்குவோம். பெருவிரலை நீட்டுங்க.” ஊதா மைப்பெட்டியைத் திறந்து பிடித்தார்.

கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டார். “சார், என்னத் தெரியுதா? உங்ககிட்ட ஒம்பதாங் கிளாஸ் படிச்ச கிங்ஸ்லி. நீங்களா சார் கைநாட்டு?”

கோமதிசங்கரின் முகம் அருவிநீரைவிடச் சிவந்தது.

“யாரு கைநாட்டு? முப்பத்தாறு வருசம் அடுத்தவன் கையெழுத்தைத் திருத்தினவன்லே நான்! கொண்டா பேனாவ!”

வாங்கி இட்டார். எம்.ஏ., எம்.எட்., தலைமையாசிரியர், ஓய்வு என்று கோடிட்ட இடம் போதாமல் ஓரம்வரை எழுதினார். நாளும் நேரமும் குறித்தார். எழுதிமுடித்து நிமிர்ந்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்பது விளங்கியது. பேராச்சி அதற்குள் பேருந்து நிறுத்தத்தில் இருந்தார்.

வியாழனன்று கருவியின்மேல் பேராச்சி குடைபிடிக்க, வித்யாலட்சுமி அளந்தார். கோமதிசங்கர் தலைகுனிந்து நின்றார். தம் தகப்பனார் அந்த வேலியை அடுத்த வீட்டுப் பக்கம் ஒன்றரை அடி தள்ளி நட்டதைச் சிறுவயதில் கண்ணாரக் கண்டவர் அவர். பன்னிரண்டு ஆண்டு ஓட்டத்துக்கும் அதுவே காரணம்.

வித்யாலட்சுமி எல்லை குறித்த புலப்படத்தை இருமுறை பார்த்தார். “சார், வேலி தப்பாத்தான் இருக்கு. உங்க இடத்துல ஒண்ணேகால் அடி அவங்க பக்கம் போயிருக்கு.”

தகப்பனாருக்கு முன்பே எதிர்ப்பக்கத்தாரும் வேலியை இப்பக்கம் தள்ளி நட்டுப் பார்த்திருக்க வேண்டும், இன்னும் தாராளமாக.

கோமதிசங்கர் குடைபிடித்தவர் பக்கம் திரும்பினார். “ஏம்மா பேராச்சி, இதை முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

“அளக்காம எனக்கு எப்படி சார் தெரியும்?”

எல்லோரும் சேக் மைதீனைப் பார்த்தார்கள். முருங்கைமரமும் துணி துவைக்கும் கல்லும் அந்த ஒண்ணேகால் அடியோடு போகின்றன. அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

“எங்கன வேணும்னாலும் கல்லை ஊனுங்க மேடம். இன்னைக்கே ஊனுங்க. கொத்தனார் வெளிய நிக்காரு.”

சனிக்கிழமை அவர் விமான நிலையத்தில் காத்திருக்கையில் அலிமா ஒரு படம் அனுப்பினார். மதில் மார்பளவு எழுந்திருந்தது. அதனருகே குடைபிடித்தபடி, நூல் ஓர் இழையும் விலகாமல் கொத்தனாரை அதட்டிக்கொண்டு நின்றார் கோமதிசங்கர். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாராம்.