தங்கையின் மணிக்கட்டுக்கு ஏற்ற துவக்கு

சுவிஸில், கூர் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். வைகாசி மாதத்தில் ஒரு மதிய இடைவேளையில் தங்கை அழைத்தாள். வின்டர்தூரில் ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக இருந்தாள். வேலை நேரத்தில் அழைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அக்கா, வாற சனிக்கிழமை உனக்கு லீவோ?"

"ஓம். ஏன்?"

"என்னோட ஒரு கடைக்கு வரவேணும். தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

"என்ன கடை?"

"துவக்குக் கடை."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சாதாரணமாக யாரும் வாயில் எடுப்பதில்லை. சுவிஸ் தேசிய நாளான ஆகஸ்ட் முதலாம் திகதி ஊரெல்லாம் வாணம் விடும்போது அப்பா யன்னல்களைச் சாத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் இருந்துவிடுவார். நாங்கள் இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். எங்களுக்கு அது வாணம்தான், இலங்கையில் யுத்தத்தைக் கண்டு வந்த அவருக்கு வேறு ஏதோ. அப்படி வளர்ந்த என் தங்கை கைத்துப்பாக்கி வாங்கப் போகிறாள் என்றதும் நான் விளையாட்டென்று நினைக்கவில்லை. அவள் குரலில் விளையாட்டு இருக்கவில்லை.

கணவரைப் பிரிந்து வந்து அப்போது அவளுக்குச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒற்றை அறை வீடு ஒன்றில் இருந்தாள். அவருடைய பெயர் எங்கள் ஆட்களிடையே நல்ல பெயர். கோயிலில் அன்னதானம் என்றால் வாளியும் கரண்டியுமாக முன்னுக்கு நிற்பவர் அவர். யாருடைய வீட்டுச் சாமான் ஏற்றுவதென்றாலும் அவருடைய வான் வண்டி வரும். அம்மாவுக்கு அவர் மருமகன் இல்லை, மகன். "கோபத்தில ஒரு வார்த்தை சொல்லாத ஆம்பிளை எங்க இருக்கு? கதைச்சுப் பேசிப் போய் இரு," என்பதுதான் அம்மா தங்கைக்குச் சொன்னது. தங்கை விளக்கம் சொல்லவில்லை. எனக்கும் அவள் முழுவதும் சொல்லியிருக்கவில்லை. அவர் அவளுடைய வேலையிடத்துக்கு வெளியே வந்து நிற்கிறார், கார் தரிப்பிடத்தில் நிற்கிறார், கிட்ட வருவதில்லை, நிற்கிறார் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

கடை நகரத்துக்கு வெளியே, ஒரு சைக்கிள் கடைக்கும் குளியலறை ஓடு விற்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முதலில் அவர் கேட்டது எந்த நாட்டுப் பிரஜை என்று. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே துப்பாக்கி விற்க முடியாது என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். தங்கை தன் சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டை எடுத்து வைத்தாள். அப்பா இன்றைக்கும் பழைய கடவுச்சீட்டைத்தான் வைத்திருக்கிறார். அவர் வந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார். வந்திருக்கவும் மாட்டார்.

"விளையாட்டுக்கா, வீட்டுப் பாதுகாப்புக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கைப்பைக்குள் கொண்டு திரிய," என்றாள் தங்கை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். வாங்குவதற்கு ஒரு அனுமதி, மறைத்துக் கொண்டு திரிவதற்கு இன்னொரு அனுமதி, அந்த இரண்டாவது சாதாரண மனிதருக்குக் கிடைப்பது அரிது என்றார். "விண்ணப்பித்துப் பார்க்கிறேன்," என்றாள். "சரி, பார்ப்பதற்குக் காசில்லை," என்று சொல்லிவிட்டு, பச்சைத் துணி ஒன்றை விரித்து மூன்று நான்கு கைத்துப்பாக்கிகளை எடுத்து வைத்தார்.

சின்னது, உள்ளங்கைக்குள் அடங்குகிறதைத்தான் அவள் முதலில் எடுத்தாள். யாரும் அதைத்தான் எடுப்பார்கள் என்றார் அவர். ஆனால் சின்னதும் பாரமில்லாததும்தான் சுடும்போது கையை அதிகமாக உதைக்கும். பாரமானது அந்த உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். குண்டின் அளவுக்கும் அதே கதை. பெரிய குண்டு நல்லதென்று படம் பார்த்தவர்கள் கேட்பார்கள், அதை இரண்டாவது தரம் குறிபார்த்துச் சுட அவர்களால் முடியாது. ஒன்பது மில்லிமீட்டர் என்பது நடுவில் உள்ளது, பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதிலும் குட்டையான தோட்டா ஒன்று உண்டு, உதை குறைவு, வலுவும் குறைவு. இப்படியே சொல்லிக்கொண்டு போனார். எங்கே செருகுவீர்கள் என்று கேட்டார். தடித்த இடுப்புப் பட்டி வேண்டும், கைப்பை என்றால் தேடி எடுக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "சீலை உடுத்தால் எங்க அக்கா செருகிறது?" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரரும் ஒன்றும் விளங்காமலே சிரித்தார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அவர் கொஞ்சம் பெரியதை அவள் கையில் கொடுத்து, கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் வலது கை கீழே சாய்ந்தது. "மணிக்கட்டில் ஏதும் காயமா?" என்று கேட்டார். "பழைய முறிவு," என்றேன் நான், அவளுக்கு முந்தி. எனக்குத்தான் அந்தக் கையைத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் பனியில் வழுக்கி விழுந்ததென்று வந்தாள். பிளாஸ்டர் கழற்றிய பிறகு நான்தான் அதை மடக்கி நிமிர்த்திப் பயிற்சி கொடுத்தேன். வெளிப்பக்கமாக இன்னமும் முழுதாகத் திரும்பாது.

"விழேல்லை அக்கா," என்றாள் தங்கை தமிழில். துவக்கைத் துணியில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கதவுக்கும் நிலைக்கும் நடுவில என்ர கையை வைச்சு அவர் சாத்தினவர். பிறகு அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர். பனியில வழுக்கினது எண்டு அவர்தான் சொன்னவர். நான் வாயே திறக்கேல்லை."

அப்போதும் அவள் 'அவர்' என்றுதான் சொன்னாள்.

நாங்கள் கதைத்து முடியும் வரை கடைக்காரர் துணியில் இருந்ததை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு தங்கையிடம் மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் பயப்படுகிற ஆள் தெரியாதவரா, தெரிந்தவரா?"

"தெரிந்தவர்."

"தெரியாத ஆள் என்றால் தூரத்திலேயே சந்தேகம் வரும். தெரிந்தவர் பக்கத்தில் வந்து நின்று உங்களுடைய பெயரைச் சொல்வார். நீங்கள் அதற்குப் பதில் சொல்வீர்கள். அந்த நேரத்துக்கு ஏற்ற துப்பாக்கி என்று என்னிடம் ஒன்றும் இல்லை."

ஆனாலும் அவள் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கடைக்குக் கீழே நிலவறையில் சுடும் இடம் இருந்தது. காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் தந்தார். அவள் மணிக்கட்டுக்கு ஒத்துவந்தது நடுத்தரப் பாரமான ஒரு ஒன்பது மில்லிமீட்டர்தான். நான் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றேன். ஒவ்வொரு வெடிக்கும் என் உடம்பு துள்ளியது. அவளுடையது துள்ளவில்லை. மட்டை உருவத்தின் நெஞ்சில் ஓட்டைகள் கிட்டக் கிட்ட விழுந்திருந்தன. "முதல் தரம் இவ்வளவு நன்றாகச் சுட்டவர்கள் குறைவு," என்றார் கடைக்காரர். அதை அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை அவளோடு பொலிசுக்கும் போனேன். கொண்டு திரிகிற அனுமதிக்குக் கண்கூடான ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும். அவரிடமிருந்து வந்த குரல் செய்திகளை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். அதிகாரி ஒரு இளம் பெண். பொறுமையானவர். முறையான மொழிபெயர்ப்பாளர் பிறகு வருவார், இப்போதைக்கு என்ன சொல்கிறார் என்று சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார்.

அவருடைய குரல் அந்த அறைக்குள் மென்மையாக வந்தது. கோயிலில் "இன்னும் கொஞ்சம் பாயசம் விடட்டோ" என்று கேட்கிற அதே குரல்.

"பிள்ளை, நீ எங்க போனாலும் நான் வருவன். என்னை விட்டுட்டு உன்னால இருக்கேலாது, எனக்குத் தெரியும்."

நான் அதை ஜெர்மனில் சொன்னேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் அது காதல் கடிதம்போல இருந்தது.

அடுத்த செய்தி அந்தக் கிழமைக்குள்தான் வந்திருந்தது. "கவனமாப் போ பிள்ளை. பனி வழுக்கும்."

அதையும் சொன்னேன். அதிகாரி யன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

"இப்போது பனி இல்லையே," என்றார்.

"அதுதான்," என்றாள் தங்கை. பிறகு மணிக்கட்டை மேசையில் வைத்துக் கதவின் கதையைச் சொன்னாள். சொல்லும்போது ஜெர்மனில் அவளுக்கு ஒரு சொல்லும் தடக்கவில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை வைத்துவிட்டு, "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், துப்பாக்கி கொண்டு திரிகிற அனுமதி கிடைக்காது," என்றார். கிட்ட வரக்கூடாதென்று நீதிமன்றத்தில் தடை கேட்கலாம், பெண்கள் பாதுகாப்பு இல்லத்தில் இடம் கேட்டுத் தரலாம், வேறு மாநிலத்தில் புதிதாகத் தொடங்க உதவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். விலாசத்தை யாருக்கும் வெளியில் விடமாட்டார்கள். "யாருக்கும் என்றால்?" என்று தங்கை கேட்டாள். "யாருக்கும்," என்றார் அதிகாரி. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

வெளியே வந்து ஒரு மர வாங்கில் அமர்ந்தோம். வீட்டில் வைத்திருக்க வாங்கலாம்தானே என்று நான் சொன்னேன். நான் அப்படிச் சொல்வேன் என்று முன்பு யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"வேண்டாம் அக்கா."

"ஏன்? அண்டைக்கு வடிவாச் சுட்டாய்தானே."

"அதுதான். அந்த மட்டையில நான் அவரின்ர முகத்தைத்தான் பார்த்தனான். கை நடுங்குமெண்டு நினைச்சன். நடுங்கேல்லை." தன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். "அவருக்குப் பயந்து ஒளிச்சு இருக்கலாம். எனக்கு நானே பயந்து எப்பிடி இருக்கிறது?"

அவள் பாதுகாப்பு இல்லத்துக்குப் போவதென்று முடிவெடுத்தாள். அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மருமகனிடம் சொல்லிவிடுவா, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொல்லிவிடுவா. போகிற நாள் வின்டர்தூர் நிலையத்தில் ஒரு சூட்கேசோடு நின்றாள். நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மேடைக்கு ஏறுகிற படிக்கட்டில் என்னை மறித்தாள்.

"இதோட நில் அக்கா. எந்த ரெயினில ஏறுறன் எண்டு நீ பாக்கக்கூடாது."

"நான் ஆருக்கடி சொல்லப்போறன்?"

"சொல்லமாட்டாய். ஆனா தெரிஞ்சால் உன்ர முகத்தில கிடக்கும்."

கட்டிப் பிடித்தாள். பல்வைத்தியசாலை மருந்து மணம் அவளில் எப்போதும் இருக்கும், அன்றைக்கும் இருந்தது. படியேறிப் போனாள். அவள் சொன்னபடி நான் திரும்பி நடந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்தேன். மேலே ரெயின்கள் வந்துபோகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அவர் அடிக்கடி அம்மா வீட்டுக்கு வரத் தொடங்கினார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "என்ர பிள்ளை உங்களுக்கு இப்பிடிச் செய்துபோட்டாளே தம்பி," என்று அழுவா. கோயிலில் ஆட்கள் அவருக்கு இரக்கப்பட்டார்கள். என்னைக் கண்டால் கதையை நிறுத்துவார்கள். கதவின் கதையை அம்மாவுக்குச் சொல்ல ஒரு தரம் முயன்றேன். "நீ கண்டனியோ?" என்று கேட்டா. காணவில்லைத்தான்.

போன இலையுதிர்காலத்தில் அம்மாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நான் லீவெடுத்து வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு பின்னேரம், இலக்கம் காட்டாத அழைப்பு ஒன்று வந்தது. தங்கை. எப்படியோ அறிந்திருக்கிறாள். குரலைக் கேட்டதும் அம்மா கையை நீட்டினா, கொடுத்தேன்.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்று அம்மா கேட்டா. பிறகு, "மருமகன் ஒவ்வொரு நாளும் வந்து பாக்கிறார். சூப் கொண்டு வாறார். நீ எப்ப வாறாய்?"

அந்தப் பக்கத்தில் இருந்து நெடுநேரம் பேச்சு வந்தது. என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ பிரெஞ்சில் ஏதோ அறிவித்தது மட்டும் கேட்டது. நான் எழுந்து யன்னலடிக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. அவவின் வலது கை போர்வையின் மேல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

அழைப்பு முடிந்து அம்மா தொலைபேசியை என்னிடம் தந்த சற்று நேரத்தில் கதவு திறந்தது. அவர் சூப்புப் போத்தலோடு உள்ளே வந்தார்.

"ஆர் மாமி போனில?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். வாசலுக்கு வெளியே குரல் கேட்டிருக்க வேண்டும்.

நான் தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டேன்.

"ஆரோ தம்பி. பிழையான நம்பர்," என்றா அம்மா.

அவர் சூப்பை ஊற்றினார். அம்மா பசியில்லை என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. அவர் போகும் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க இருக்கிறாளாம்?" என்று பிறகு கேட்டா.

"தெரியாது அம்மா."

"உனக்கும் தெரியாதோ?"

"எனக்கும் தெரியாது."

"தெரியாமலே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அம்மா அழத் தொடங்கினா. சத்தமில்லாத அழுகை. "தையல் இழுக்கும் அம்மா, அழாதேங்கோ," என்று நான் அவவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அம்மா அவருக்குக் கதவு திறப்பதில்லை. உடம்பு சரியில்லை என்று உள்ளிருந்தே சொல்லிவிடுகிறா. அப்பா ஏனென்று கேட்கவில்லை. கோயிலில் அவர் முன்போலவே வாளியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வருகிறார், என் இலைக்கு முன்னாலும் குனிகிறார். தங்கை அதற்குப் பிறகு இன்னும் அழைக்கவில்லை.