பதினேழாம் இடத்து நாய்க்கு மூன்றாம் சீட்டு

லூயெல்லா க்ராப்ட்ரீக்கு விதிமுறைகள் மேல் எந்தப் பகையும் இருந்ததில்லை. கென்டக்கியில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கடைசி நிறுத்தம் முடிந்த பிறகும் எழுந்துபோய் ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பாள். தூங்கிப்போன பிள்ளை பூட்டிய வண்டிக்குள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவளின் வண்டிக் கதவில் யாரோ, வாயில்லா ஜீவனை வதைக்கிற பாவி என்கிற தோரணையில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனால் கோபம் வருமா வராதா?

ஓய்வு பெற்ற வருஷமே அவளும் புருஷன் ஆர்லினும் வீட்டை விற்றுவிட்டு முப்பத்திரண்டு அடி கேரவன் ஒன்றைப் பழசாக வாங்கினார்கள். அதுதான் வீடு, அதுதான் வண்டி. பனிக்காலத்தில் டெக்சாஸ் கடற்கரை, வெயில் காலத்தில் மிச்சிகன் ஏரிக்கரை என்று ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. கூடவே கிரேவி. பன்னிரண்டு வயசு நாய். பெரிய உடம்பு, கொஞ்சம் மாட்டுத் தலை, பன்றிக்கறிக் குழம்பின் நிறம். அதனால்தான் அந்தப் பெயர். குரைப்பது தனக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று எப்போதோ முடிவு பண்ணிவிட்டது. காலையில் ஒரு இதய மாத்திரை, இரவில் ஒன்று, நடுவில் தூக்கம்.

இந்த வருஷம் ஆர்லினின் தொண்டையில் கட்டி. அரிசோனாவில் ஒரு பெரிய மருத்துவமனை சிகிச்சைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றது. முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு, தினமும் மதியம் ஒரு மணிக்கு. முகத்தின் மேல் வலை போட்டு மேசையோடு திருகி வைத்துவிடுவார்கள். முடிந்து எழுந்தால் நிற்கவே ஒருவர் தாங்க வேண்டும். கேரவனுக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த சின்னக் காரில் லூயெல்லாதான் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும்.

கேரவனை நிறுத்தித் தங்க ஒரு முகாம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் முகாம் நாயின் போட்டோ கேட்டது. தலையைப் பார்த்துவிட்டு இந்த இனம் ஆகாது என்றது. இரண்டாவது முகாம் எடை கேட்டது. மூன்றாவதுதான் இது. அரை மணி நேரத்தில் மருத்துவமனை. பதினேழாம் இடம் கொடுத்தார்கள், கூடவே நாலு பக்க விதிமுறைகளும். அதில் இரண்டு பக்கம் நாய்களுக்கு. ஆறடிக்கு மேல் வார் நீளக் கூடாது. வெளியே கட்டிப்போடக் கூடாது. குப்பைத் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற துண்டு மண்தரையைத் தவிர வேறெங்கும் காலைத் தூக்கக் கூடாது. வண்டிக்குள் தனியாக விட்டுவிட்டுப் போகவே கூடாது. சரி, கரண்ட் போனால் ஜெனரேட்டராவது தானாக ஓடட்டும் என்றால், சத்தம் வருமாம், அதுவும் கூடாது.

உள்ளே விடாதே, வெளியே கட்டாதே. மருத்துவமனைக்குள் நாய் வரக் கூடாது. காரில் விட்டால் கொதித்துச் செத்துப்போகும். பிறகு அந்த நாய் எங்கேதான் இருக்கும், வானத்திலா?

லூயெல்லா முதல் நாளே அலுவலகத்தில் இதைக் கேட்டாள். மேலாளர் ஜோலீன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊருக்குள்ள நாய்க் காப்பகம் இருக்கே, மேடம்."

"கேட்டுட்டேன். பன்னெண்டு வயசு, இதய மாத்திரை சாப்பிடுறவன், எங்களால ஆகாதுன்னுட்டாங்க."

"அப்ப எனக்குத் தெரியல. ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

எல்லாரும் வந்து நிற்கவில்லை, எல்லாரும் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். திரையை இழுத்துவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, நாயை உள்ளே வைத்துக் கடைக்குப் போகாதவர் அந்த முகாமில் ஒருவர்கூட இல்லை. லூயெல்லாவும் அதையே செய்தாள், கொஞ்சம் கூடுதல் பொறுப்போடு. உள்ளே சூடு ஏறினால் போனில் கத்துகிற சின்னக் கருவி ஒன்றை மாட்டினாள். கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "உள்ளே நாய் இருக்கிறது. ஏசி ஓடுகிறது. அவசரம் என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்."

அந்தக் காகிதம்தான் அவளைக் காட்டிக் கொடுத்தது. ஒட்டாதவன் தப்பித்தான், ஒட்டியவள் மாட்டினாள். உண்மை சொன்னால் உருப்பட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சீட்டு ஒட்டுகிறவர் டெல்மர் விக்ஸ்ட்ரம். எழுபது வயசு. இடவாடகை இல்லாமல் தங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகப் பேட்டரி வண்டியில் முகாமைச் சுற்றி வந்து ஒழுங்கு பார்ப்பது அவர் வேலை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்த ஜாதி. இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப் பையில் மஞ்சள் சீட்டுக் கட்டு. முகாமின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரே குற்றத்துக்கு இரண்டு மஞ்சள் சீட்டு, மூன்றாவது சிவப்பு. சிவப்பு ஒட்டினால் அந்த இடத்து வண்டிக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பத்தில் சுவிட்சை இறக்கிப் பெட்டிக்குப் பூட்டு போட்டுவிடுவார். உள்ளே டிவி அணைந்ததும் குற்றவாளி தானாக வெளியே வந்து அலுவலகத்துக்கு நடப்பான். பாட்டைச் சத்தமாக வைத்தவன், துணி காயப்போட்டவள், எல்லாருக்கும் அதே மருந்து.

முதல் மஞ்சள் சீட்டு வந்த அன்று லூயெல்லா அவரை மறித்தாள்.

"டெல்மர், நான் எங்க போறேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும், மேடம். கடவுள் ஆர்லினுக்கு நல்லது செய்யட்டும். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"பக்கத்து வண்டி ஓனாவோட எலிக்குட்டி மாதிரி ரெண்டு நாயும் காலையில இருந்து கத்துதுங்க. அது சட்டத்துல இல்லையா?"

"அவங்க கூட இருக்காங்களே. கூட இருந்தா கத்தலாம்."

லூயெல்லா கதவைச் சாத்தினாள். அடுத்த வாரம் இரண்டாவது சீட்டு வந்தது.

சிகிச்சையின் பதினோராம் நாள் மதியம். ஆர்லினை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். லூயெல்லா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்று இருபதுக்குப் போன் கத்தியது. எண்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட். அவள் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பதற்குள் எண்பத்தெட்டு. வெளியே அன்றைக்கு நூற்று ஏழு. டெல்மரைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அலுவலகத்தைக் கூப்பிட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பதிவு செய்த குரல் ஒன்று கொஞ்சியது. தொண்ணூற்றொன்று. எழுந்து ஓடலாம் என்றால் ஆர்லின் முகத்தில் வலையோடு திருகப்பட்டுக் கிடக்கிறார். ஓடினாலும் அரை மணி நேரம் ஆகும். மிச்சம் இருந்தது ஓனாதான். நாய்கள் கத்துவதை வைத்து வந்த சண்டையில் அந்த எழுபத்தொன்பது வயசுக்காரியோடு லூயெல்லா பத்து நாளாகப் பேசுவதில்லை.

"ஓனா, லூயெல்லா பேசுறேன். என் வண்டியில ஏசி நின்னுபோச்சு. கதவைப் பூட்டல, ஆனா அவனை உன்னால வெளிய இழுக்க முடியாது. தயவுசெஞ்சு கம்பத்தைப் பாரு. சுவிட்சு விழுந்திருந்தா மேல தள்ளிவிடு."

"அடுத்தவங்க கம்பத்துல கை வைக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கேடி."

"ஓனா! கிரேவி செத்துருவான்!"

போனில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு செருப்புச் சத்தம், நாய்க்குட்டிகளின் கத்தல், மூச்சிரைப்பு.

"லூயெல்லா, பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கான் அந்தக் கடங்காரன். கதவுல சிவப்பு ஒட்டியிருக்கான்."

லூயெல்லா ஒன்றும் சொல்வதற்கு முன் ஓனாவே சொன்னாள்.

"கூடாரம் அடிக்கிற சுத்தியல் இருக்கு எங்கிட்ட. நீ போனை வை."

சின்னப் பூட்டுதான், ஆனால் ஓனாவின் கை அதைவிடச் சின்னது. உடைக்க ரொம்ப நேரம் ஆனது. ஒன்று ஐம்பதுக்குத்தான் போனில் எண் ஏறுவது நின்றது. கடைசியாகக் காட்டியது நூற்று நாலு.

ஆர்லினைத் தாங்கிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. குளியலறைத் தரையில் கிரேவி ஈரத் துண்டுகளுக்கு நடுவே படுத்திருந்தது. நாக்கு தரையில் கிடந்தது. பக்கத்தில் ஓனா கால் நீட்டி உட்கார்ந்து அதன் காதுகளில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். லூயெல்லாவைப் பார்த்ததும் வால் ஒரு தடவை அசைந்தது. அந்த ஒரு அசைவுக்கு அவள் சத்தம் போட்டு அழுதாள்.

"பிழைச்சுக்கிட்டான்டி, அழாதே. போய் அந்தச் சீட்டைப் படி. படிச்சிட்டு அப்புறம் அழு."

லூயெல்லா படித்தாள். "காரணம்: வெயில் காலத்தில் செல்லப்பிராணியை வண்டிக்குள் தனியாக விடுவது அதன் உயிருக்கு ஆபத்து. நேரம்: 1.10. நடவடிக்கை: மின்சாரம் நிறுத்தப்பட்டது." மூன்றும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. எழுதிய ஆளுக்கு முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே ஒன்றுமே தோன்றவில்லை. நாயின் உயிரைக் காப்பாற்ற நாயின் காற்றை நிறுத்தியிருக்கிறான்! பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவனையாவது சேர்த்துக்கொள்ளலாம், அவனுக்குக் கிள்ளியது தெரியும். அவளுடைய அழுகை அந்த இடத்திலேயே நின்றது.

அலுவலகத்தில் ஜோலீன் தயாராக இருந்தாள். டெல்மர் சுவரோரம் நின்றார்.

"முகாமோட பூட்டை உடைச்சிருக்கீங்க, மேடம். நாயைத் தனியா விட்டிருக்கீங்க, மூணாவது தடவை. நாளைக்கு மதியத்துக்குள்ள இடத்தைக் காலி பண்ணணும்."

லூயெல்லா சிவப்புச் சீட்டை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் போனை வைத்தாள். அதில் ஒன்று பத்திலிருந்து செங்குத்தாக ஏறும் கோடு இருந்தது.

"இது அவர் எழுதின நேரம். இது என் வண்டி கொதிக்க ஆரம்பிச்ச நேரம். முகாம்ல இருக்கிற அறுபது வண்டிக்கும் இதைக் காட்டப்போறேன். நாய் இல்லாத வண்டி எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்."

ஜோலீன் சீட்டைப் படித்தாள். டெல்மரைப் பார்த்தாள்.

"நான் வழக்கமா செய்யறதைத்தான் செஞ்சேன்," என்றார் டெல்மர். குரல் உள்ளே போயிருந்தது. "சிவப்பு ஒட்டினா சுவிட்சை இறக்கணும். வேற எதுவும் யோசிக்கல."

"யோசிக்கலையா? கதவுல என் காகிதம் இருந்துச்சு! அதை மறைச்சுத்தானே உங்க சீட்டை ஒட்டியிருக்கீங்க!"

ஜோலீன் சிவப்புச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க என்னதான் கேக்குறீங்க?" என்றாள் ஜோலீன் கடைசியில்.

"ஆர்லினுக்கு இன்னும் இருபத்திநாலு நாள் இருக்கு. நான் எங்கயும் போக மாட்டேன். நாய் தனியா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே உங்க சட்டம்? இருக்க வேண்டாம். தினம் பன்னெண்டு மணிக்கு இவர் வந்து உட்காரட்டும்."

"நானா?" என்றார் டெல்மர்.

"நீங்கதான். நாலு பக்க விதியில அதுக்குத் தடை எங்கயும் இல்ல. நான் முழுக்கப் படிச்சிருக்கேன்."

ஜோலீன் சீட்டை மறுபடியும் ஒருமுறை படித்துவிட்டு, "டெல்மர், நாளைல இருந்து மதியம் உங்களுக்கு ரவுண்டு கிடையாது," என்றாள்.

மறுநாள் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே டெல்மர் மடக்கு நாற்காலியும் செய்தித்தாளுமாக வந்தார். ஆர்லினும் கிரேவியும் ஓனாவின் வண்டிக்குள் ஏசியில் இருந்தார்கள். லூயெல்லா கதவைத் திறந்துவிட்டாள். டெல்மர் உள்ளே காலை வைத்ததும் நின்றார்.

"ஏசி போடலையா, மேடம்? நாய் எங்க?"

"நாய் வரும். நீங்க உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை. பதினொரு மணிக்கே கம்பத்தில் சுவிட்சை இறக்கி, ஜன்னல்களையும் அடைத்து வைத்திருந்தாள். வண்டிக்கு வெளியே இழுத்துக் கட்டிய பந்தலின் நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். ஓனாவின் ஜன்னலில் ஆர்லின் முகம் தெரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

ஆறாம் நிமிஷம் உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மரியாதையாக, பிறகு இரண்டு கையாலும்.

லூயெல்லா கதவைத் திறந்தாள். டெல்மரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து வாய் திறந்து கிடந்தது.

"ஆறு நிமிஷம்," என்றாள் அவள். "கிரேவி நாப்பது நிமிஷம் இருந்தான், டெல்மர். அவனுக்குத் தட்டத் தெரியாது."

டெல்மர் படியில் இறங்கி, கம்பத்துக்கு நடந்துபோய், சுவிட்சைத் தன் கையாலேயே மேலே தள்ளினார். ஏசி ஓடும் சத்தம் கேட்கிறவரைக்கும் அந்தப் பெட்டியில் வைத்த கையை எடுக்கவில்லை.