போட்டுக்குப் போன கதவு

எங்கள் வீட்டில் கீரை படகுக்குள் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. சிநேகிதி ஒருத்தியை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டிய பிறகுதான் என் மானம் தப்பியது.

அது அப்பாவின் பழைய பைபர் போட்டு. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அப்பா முகத்துவாரத்தடியில் அதற்குள்தான் இருந்தார். அலை போட்டையும் அவரையும் சேர்த்துத் தூக்கி வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் எறிந்துவிட்டது. முறிந்த காலோடு அவர் அங்கே கிடக்க, அம்மா ஆசுபத்திரியில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தாராம். யாரோ இருவர் அப்பாவைத் தூக்கிவந்து முன்னால் இருத்தியபோது அம்மா அழவில்லை. இனிக் கடலுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம்.

கல்லடிக் கடற்கரையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்தான் மிஞ்சியது. அங்கே திரும்பக் கட்ட விடவில்லை. கடலுக்குத் தூரமாக வேறு வீடு தந்தார்கள். அப்பா போட்டை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். அம்மா அதன் பின்பாதியில் மண் நிரப்பிப் பொன்னாங்காணியும் கொச்சிக்காயும் நட்டார். பின்னேரமானால் அப்பா கிணற்றில் அள்ளிக் கொடுப்பார், அம்மா ஊற்றுவார். கடைசி வாளியை மட்டும் செடியே இல்லாத மூலையில், எஞ்சின் பூட்டும் ஆணித் துளைகள் திறந்து கிடந்த பின்பலகையோரம் கவிழ்ப்பார். அங்கே ஒன்றும் முளைக்கவில்லையே என்று ஒருநாள் கேட்டேன். வேர் அங்கேயும் ஓடியிருக்கும் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்பா தோணியில் வாவிக்குள் போய் இறால் பிடித்து எங்களைப் பார்த்துக்கொண்டார். கடலுக்குப் போகாததற்கு யாரும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பாஸ், கட்டுப்பாடு, எஞ்சினுக்குத் தடை என்று யுத்தமே தாராளமாகக் காரணம் தந்துகொண்டிருந்தது. பிறகு யுத்தம் முடிந்தது, காரணங்களும் முடிந்துபோயின. அக்கம்பக்கத்தில் எல்லாரும் எஞ்சின் பூட்டத் தொடங்கினார்கள். அப்பா வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது, போட்டைச் சுற்றி நடப்பது மட்டும் கூடியது. ஒருநாள் காலையில் எழும்பிப் பார்த்தால், அம்மா மண்வெட்டியோடு போட்டுக்குள் நின்று கீரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பியக் கூப்பிடுங்க. வந்து பாக்கட்டும்" என்றார் அப்பாவிடம்.

அம்மாவின் தம்பியான என் மாமா படகு கட்டும் பட்டறையில் பைபர் வேலை பழகியவர். கை வேலை செய்வதைவிட வாய் அதிகம் வேலை செய்யும். வந்தவர் சுத்தியலால் போட்டைத் தட்டிக்கொண்டே போனார். பக்கங்கள் கணீரென்றன. பின்பலகையில் தட்டினால் தொப் தொப்பென்றது. துளை போட்டார், மண்ணிறத் தண்ணீர் ஒழுகியது. வெளியே பைபர் நல்லாய்த்தான் இருக்கிறது, அதற்குள் வைத்த பலகைதான் உக்கிவிட்டது, இந்தக் கோலத்தில் எஞ்சினைப் பூட்டினால் முதல் அலைக்கே பலகையும் எஞ்சினும் கடலுக்குள் போய்விடும் என்று விளக்கம் சொன்னார். உள்பக்கத்தை வெட்டித் திறந்தபோது மரம் கையோடு பிய்ந்து வந்தது.

"அத்தான், இது பலகையில்ல, தேத்தண்ணியில ஊறின பாண். ஆரு இதுக்குள்ள இவ்வளவு தண்ணி ஊத்தின?"

"மழதான்" என்றார் அப்பா.

நான் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிய கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா உடனே என்னைத் தேத்தண்ணி எடுத்துவர அனுப்பிவிட்டார். குசினி வாசலில் நின்ற அம்மா என்னைக் கண்டதும் உள்ளே திரும்பிக்கொண்டார்.

போட்டு வெயிலில் காய்ந்தது. புதிய பலகைதான் கிடைத்தபாடில்லை. டவுனில் வாங்கிவந்த ஒட்டுப்பலகையில் ஒரு துண்டை மாமா தண்ணீர் வாளிக்குள் போட்டுவைத்தார். மறுநாள் அது ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. நல்ல முதிரைப் பலகை வேண்டும் என்றார். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். அப்பாவும் நிலத்தைப் பார்த்தார். வீட்டுப் பின்புறத்தில் பொலித்தீன் சுற்றிச் சாய்த்து வைத்திருந்த முதிரைக் கதவை இருவரும் பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அது பழைய வீட்டு முன்கதவு. அலைக்குப் பிறகு அம்மா தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே அந்தக் கதவைக் கேட்க அப்பாவுக்கு வாய் வராது. அந்த வீட்டிலேயே பிறந்த மாமாவுக்கும் வராது.

அன்று பின்னேரம் அம்மா என்னைக் கதவுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். பெரிய மனிசியோடு பேசுவதுபோல் பேசினார்.

"இது உன்ட கதவு மகள். உனக்குத் தாறத்துக்கு அந்த வீட்டில இதுதான் மிச்சம். அப்பாட போட்டுக்குக் குடுப்பமா?"

எனக்குக் கதவு பெரிதாகத் தெரியவில்லை. "குடுத்தா என்னையும் ஏத்துவாரா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். இவ்வளவு சின்னப் பேரத்துக்கு ஏன் இவ்வளவு இறுக்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

பச்சைப் பெயின்றைச் சுரண்டி, பூட்டின் திறப்புத் துவாரம் விலக அறுத்து, இரண்டு துண்டாகச் சேர்த்துப் பின்பலகைக்குள் வைத்தார்கள். மாமா கெட்டித்தனம் காட்டப்போய் உச்சிவெயிலில் ரெசினுக்குள் இறுக்கும் மருந்தை அளவுக்கு மிஞ்சி ஊற்றினார். தகரம் புகைந்து, ரெசின் கல்லாகி, தூரிகையும் அதற்குள்ளேயே நட்டுக்கொண்டது. அம்மா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. அந்தத் தகரத்தை நான் வெகுகாலம் எறியாமல் வைத்திருந்தேன். அடுத்த நாள் விடியக் குளிரில் மாமா அடக்கமாகக் கலந்தார். பைபர் பாயை அடுக்கடுக்காக ஒட்டினார்கள். எஞ்சின் ஆணித் துளைகளின் உட்பக்கமெல்லாம் ரெசின் பூசினார்கள். துளையைச் சும்மா விட்டால் தண்ணீர் அதற்குள்ளால்தான் இறங்கும் என்று மாமா எனக்குப் பாடம் எடுத்தார்.

பேரத்தின்படி என்னை ஏற்றிக்கொண்டு அப்பா வாவியில் பாலத்தடி வரை போய்வந்தார். எஞ்சின் உறுமியும் பின்பலகை அசையவில்லை. முதல்நாள் கடலுக்கு இறக்கும்போது அம்மாவும் கரைக்கு வந்தார். பின்பலகையில் விரலை மடித்து இரண்டு தரம் தட்டினார். கணீரென்றது. "போயிட்டு வாங்க" என்றார். அப்பா மீனோடு திரும்பி வந்தார்.

அம்மாதான் போட்டை உக்க வைத்தார் என்பது நான் வளர்ந்த பிறகு விளங்கியது. மற்றது விளங்க இன்னும் காலம் எடுத்தது. ஆணித் துளையை அடைக்காவிட்டால் உள்ளே மரம் உக்கும் என்பது மாமா எனக்குச் சொல்லித்தந்த பாடம். கடலிலேயே கிடந்த அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்துகொண்டுதான், ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கடைசி வாளியைத் தளும்பத் தளும்ப அள்ளி அம்மாவின் கையில் அவர் கொடுத்திருக்கிறார்.