ஒன்பது பத்து முதல் பன்னிரண்டு வரை

பஸ் டிப்போவில் அவர் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது வேலை. முப்பத்தோரு வருடமாக அதே கண்ணாடிக் கூண்டு, அதே மர ஸ்டூல். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நிமிஷம்'. அது வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது.

அவருடைய நோட்டில் தாமதத்துக்கு இரண்டு கட்டம் உண்டு. ஒன்று 'வானம்', மற்றது 'நாம்'. மழையும் மூடுபனியும் வானத்தில் சேரும். பஞ்சரும் டீசலும் டீக்கடையும் நம்மில் சேரும். மழை விட்ட பிறகும் வண்டி நின்றால், விட்ட நிமிடத்திலிருந்து நம் கணக்கு.

"மொத்தத்தையும் வானத்துல போட்டுடுங்க சார். அது வந்து சண்டை போடாது" என்று ஓர் ஓட்டுநர் கெஞ்சிப் பார்த்தார். நிமிஷம் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இப்படிப்பட்டவர், சொந்த அக்காவின் கண் ஆபரேஷனுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் பிந்திப் போனார்.

அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேறொரு நகரத்தில் தனியாக இருக்கிறார். பதினொரு மணிக்குத் தியேட்டருக்குள் போகும்போது தம்பி பக்கத்தில் நின்றால் போதும் என்று மட்டும்தான் கேட்டிருந்தார். காலை ஆறரை விமானம், ஒரு மணி நேரப் பயணம், தாராளமாகப் போய்விடலாம். ஆனால் மூடுபனி இறங்கியது. விமானம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியது. அவர் ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது மணி ஒன்று நாற்பது. அக்கா கண்ணில் கட்டோடு, பக்கத்து வீட்டம்மா உரித்துக் கொடுத்த ஆரஞ்சைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பனி ஒம்பது மணிக்கே விலகிடுச்சுன்னு டிவியில சொன்னானாம். அப்புறம் நீ எங்கடா இருந்த?"

அவர் விளக்கினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. இரண்டாவது கண்ணுக்கும் பக்கத்து வீட்டம்மாவே வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

பணம் போனால் போகட்டும், யார் தப்பு என்று எழுத்தில் வந்தால் அக்கா பேசுவார் என்று நிமிஷம் மகளைக் கூப்பிட்டு விமான நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கச் சொன்னார். மூன்றாம் நாளே பதில் வந்தது. மோசமான வானிலை, தங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம், எனவே இழப்பீடு கிடையாது.

நிமிஷத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அந்த ஓட்டுநர் கெஞ்சியதை இவர்கள் டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று விமான நிலையத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கைப் பழக்கம். போர்டிங் பாஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. ஒன்பது பத்துக்குப் பனி விலகியது. அதற்குப் பிறகு எட்டு விமானங்கள் கிளம்பின, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு என்பதும் இருந்தது. பனியில் காத்திருந்தே விமானியின் வேலை நேரம் முடிந்துவிட்டது, மாற்று விமானி வீட்டிலிருந்து வருகிறார் என்று கேட்டில் இருந்த பெண் சொன்ன நேரமும் இருந்தது.

மகள் விதியைப் படித்தாள். நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரம் தாமதமானால்தான் இழப்பீடு. அப்பாவின் கணக்கில் வானம் இரண்டு மணி நாற்பது நிமிடம், நாம் இரண்டு மணி ஐம்பது.

"பத்து நிமிஷம்தான்பா இடிக்குது. பனி ஒம்பதுக்கே விலகிடுச்சுன்னு எழுதிடவா? டிவியிலயே அப்படித்தான சொன்னாங்க."

"ஒம்பதுக்கு எதிர்ல நின்ன தண்ணி லாரி எனக்குத் தெரியலம்மா. ஒம்பது பத்துக்குத்தான் அதோட நம்பரைப் படிச்சேன்." டிப்போவில் பனி விலகியதற்கு அதுதான் அடையாளம், எதிர் வண்டியின் நம்பர் படிக்க வேண்டும். லாரியின் நம்பரையும் விண்ணப்பத்தில் சேர்க்கச் சொன்னார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு தட்டினாள்.

ஆறு வாரம் கழித்து இரண்டாவது பதில் வந்தது. ஒன்பது பத்து முதல் பன்னிரண்டு வரையிலான தாமதம் தங்கள் விமானி மாற்றத்தால் ஏற்பட்டது என்று ஒப்புக்கொள்கிறார்கள், வருந்துகிறார்கள். மூன்று மணி நேரம் நிறையாததால் பணம் மட்டும் இல்லை.

"பாத்தியா, கையில வந்ததை விட்டுட்ட" என்றாள் மகள். அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பிரிண்ட் எடுக்கக் கிளம்பியிருந்தார். இரண்டு காப்பி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மணியை அடித்தார். அக்கா கதவைத் திறந்தார், வா என்று சொல்லவில்லை, மூடவும் இல்லை. அவர் கடிதத்தை நீட்டினார். அக்கா பழைய கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் கடைசி வரி வரை படித்தார்.

"சரி, ரெண்டு அம்பது அவங்க தப்பு. ரெண்டு நாப்பது பனி. முந்தின நாளே கிளம்பாம காலைல ஏறினியே, அது யார் கணக்கு?"

முந்தின நாள் லீவு போட நிமிஷத்துக்கு மனசு வரவில்லை என்பது உண்மை. நூற்று நாற்பத்திரண்டு நாள் லீவு சேர்ந்து கிடக்கிறது என்பதும் அக்காவுக்குத் தெரியும்.

"நம்ம கணக்குதான்" என்றார்.

"நம்மன்னு என்னையும் சேர்க்காத. உன் கணக்கு. உள்ள வா, காபி போடறேன்." சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அடுத்த கண்ணு இருபத்தி மூணாம் தேதி. பதினோரு மணி."

திங்கட்கிழமை நிமிஷத்தின் லீவு விண்ணப்பம் போனது, இருபத்தொன்றிலிருந்து மூன்று நாள். கிளார்க் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று விசாரித்தார்.