ரிசல்ட் அன்று ஃபயர்வால் நிரம்பியபோது ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் ரேவதி போன் செய்தாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் இருவரும் வேலை பார்த்தோம். டிகிரி முடித்து நான் போன முதல் வேலை. சிஸ்டம் எல்லாம் என் பொறுப்பு, கஸ்டமர்கள் அவர் பொறுப்பு.

நான் பேசினால் யாருக்கும் கேட்காது. "இன்னாமா, உன் பேச்ச கேக்க மைக் வாங்கணும் போல கீதே" என்பார்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று தெரு வரை கூட்டம். வரிசையில் ரேவதியும் இருந்தாள்.

"நைனா, என்னுத மொதல்ல பாரு நைனா."

"அல்லாரும் நிக்கிறாங்கல்ல, நீயும் நில்லு." சொல்லிவிட்டாரே தவிர, அவர் சட்டை முழுக்க வியர்வை.

திடீரென்று எந்த வெப் பக்கமும் திறக்கவில்லை. மோடம் விளக்குகள் சரியாகத்தான் எரிந்தன.

எல்லா சிஸ்டத்தின் நெட்டும், காவலுக்கு ஃபயர்வால் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். அதில் பார்த்தேன்... ஒரே நேரத்தில் இத்தனைதான் என்ற கனெக்ஷன் லிமிட் நிரம்பியிருந்தது. லிமிட்டை ஏற்றலாம் என்றால் மெமரி இல்லை.

பக்கம் வரவில்லை என்று ஆளாளுக்கு ரிஃப்ரெஷை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றிலாவது வராதா என்று பத்து விண்டோ வேறு. பழைய கனெக்ஷன் போவதற்குள் புதியது வந்து நின்றது.

"நெட்டு இல்லாம எதுக்குயா கடைய தொறந்தீங்க?" என்று யாரோ ஒரு அப்பா கத்தினார். ரேவதி அழ ஆரம்பித்தாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் யாரும் எதையும் அமுக்காம இருக்கணும்" என்று அவர் காதருகே சொன்னேன்.

அவ்வளவுதான். "மௌஸ்ல இருந்து கைய எடுங்க! பந்தில சோறு வர்ற வரைக்கும் கைய மடில வெச்சிக்கினு உக்கார மாட்டீங்க? அப்பிடி உக்காருங்க!"

சிரித்தார்கள். ஆனால் கையை எடுத்தார்கள். தேங்கியதையெல்லாம் அழித்தேன். ஒரு சிஸ்டத்துக்கு இவ்வளவு கனெக்ஷன்தான் என்று கட்டுப்பாடு போட்டேன். ஒவ்வொரு பக்கமாகத் திறந்தது.

ரேவதியின் முறை வந்தபோது அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீயே பாத்து சொல்லுமா... பயமா கீது."

நம்பரை அடித்தேன். வரவில்லை... ரிஃப்ரெஷ் அமுக்கத் துடித்த கையை நானும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"பாஸுண்ணே!"

தெருவில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் ஊருக்கு, திருமுக்கூடல் பஸ்ஸில் இருக்கிறேன். அண்ணனை எடுப்பதற்குள் போய்ச் சேரவேண்டும்...

வந்துகொண்டே இருக்கிறேன் அண்ணே.